கிருஷ்ணகிரிக்கு வந்த ரயில் எங்கே போனது?

சென்னையிலிருந்து பெங்களூருக்கு ஓடும் லாரிகளில் பெரும்பாலானவை கிருஷ்ணகிரியைத் தொட்டுத்தான் போகின்றன. கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, டெல்லியிலிருந்து சென்னைக்கு வரும் 48, திண்டிவனத்திலிருந்து வரும் 77 மூன்றும் இந்த ஊரில் சந்திக்கின்றன. குப்பம் பக்கம் ஆந்திராவுக்கும் இங்கிருந்தே சாலை பிரிகிறது. 2004 பிப்ரவரி 9 முதல் இது மாவட்டத் தலைநகரம். மாங்கூழ், கிரானைட், புளி என்று வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போகும் சரக்கு ஏராளம். ஆனால் ஊரில் ரயில் நிலையம் கிடையாது. மாவட்டத்தில் ஓசூர், கெலமங்கலம், ராயக்கோட்டை, சாமல்பட்டி என்று ஸ்டேஷன்கள் இருக்கின்றன. தலைநகரில் மட்டும் இல்லை. இங்கிருந்து ரயில் பிடிக்க வேண்டுமானால் முதலில் பஸ் பிடிக்க வேண்டும்.

ஒரு காலத்தில் இங்கே ஸ்டேஷன் இருந்தது. 1905-இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ரயில் வந்தது. அடுத்த வருடமே, 1906-இல், மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இன்னொரு பாதை. அது 1913-இல் ஓசூர் வரை நீண்டது. 1941-இல் இரண்டு பாதைகளும் மூடப்பட்டு, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. தருமபுரிக்கும் ஓசூருக்கும் பிறகு வேறொரு ரயில் கிடைத்தது. கிருஷ்ணகிரிக்கு இன்று வரை கிடைக்கவில்லை.

வறண்ட பூமி, மலைப்பாங்கான ஊர், வருமானம் வராது என்றுதான் இதற்குப் பொதுவாகக் காரணம் சொல்கிறார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற இந்த இரண்டு மாவட்டங்களின் ரயில் வரலாற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. இங்கே பாதை போட்ட ஒவ்வொரு முறையும் அதன் காரணம் வெளியே இருந்தது. பஞ்ச நிவாரணம் ஒரு காரணம், பெங்களூரையும் சேலத்தையும் இணைப்பது இன்னொரு காரணம். பாதையைப் பிடுங்கியதற்கும் காரணம் வெளியேதான் இருந்தது: உலகப்போர். இந்த ஊர்க்காரர்கள் எங்கே போக வேண்டும், அவர்கள் சரக்கு எந்தச் சந்தைக்குப் போகிறது என்று கேட்டுப் போட்ட பாதை ஒன்றுகூட இல்லை.

முதலில் வரைபடத்தைப் பார்ப்போம். மெட்ராஸ் ரயில்வே 1856-இல் ராயபுரத்திலிருந்து புறப்பட்டு மேற்குக் கடற்கரையை நோக்கிப் போனது. 1861-இல் சேலத்தை எட்டியது. திருப்பத்தூர், சாமல்பட்டி, மொரப்பூர், பொம்மிடி வழியாக அந்தப் பாதை மாவட்டத்தின் கிழக்கு ஓரமாகவே இறங்கிவிட்டது. 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து குப்பம், பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூருக்குக் கிளை போனது. அது வடக்கு ஓரம். ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு கோடு பெங்களூருக்கு, இன்னொரு கோடு சேலத்துக்கு. இரண்டுக்கும் நடுவில் விட்டுப்போன நிலம்தான் பாராமகால் என்ற பழைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதியும் அதற்கு மேலே ஓசூர் மேட்டு நிலமான பாலாகாட்டும். கிருஷ்ணகிரி, தருமபுரி, பாலக்கோடு, ஓசூர் எல்லாமே அந்த இடைவெளிக்குள் மாட்டிக்கொண்டன. திப்பு காலத்தில் படைகள் மாறிமாறிப் போன நிலம் இது. பாராமகால் 1792 ஒப்பந்தத்தில் கம்பெனியின் கைக்கு வந்தது, ஓசூர்ப் பக்கம் 1799-இல் வந்தது. ரயில் காலத்தில் அது ஒதுக்குப்புறமாகிவிட்டது.

அப்புறம் வந்தது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவையே அழித்த பஞ்சம் அது. அப்போது நாமக்கல், திருப்பத்தூர் எல்லாம் சேர்ந்திருந்த சேலம் மாவட்டத்தில் 1871 கணக்கெடுப்பில் கிட்டத்தட்ட 19.7 லட்சம் பேர் இருந்தார்கள். 1881-இல் சுமார் 16 லட்சம். பத்து வருடத்தில் கூடியிருக்க வேண்டிய தொகை, மூன்றரை லட்சத்துக்கும் மேல் குறைந்து நிற்கிறது. செத்தவர்களும் பிழைக்க வழி தேடி ஊரைவிட்டுப் போனவர்களும் அந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள்.

பஞ்ச காலத்தில் மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கிய தானியம் ரயிலில் உள்நாட்டுக்கு வந்தது. வந்த தானியம் ஸ்டேஷனோடு நின்றது. அங்கிருந்து உள்ளூர்களுக்குக் கொண்டுபோக மாட்டுவண்டி வேண்டும், மாடு வேண்டும். மழை இல்லாத வருடத்தில் மாட்டுக்குத் தீவனம் ஏது, வழியில் தண்ணீர் ஏது? மனிதர்களுக்கு முன்னாலேயே மாடுகள் விழுந்தன. மெயின் லைன் பக்கத்தில் இருந்த ஊர்களுக்கும், முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளி உள்ளே இருந்த ஊர்களுக்கும் உயிர் பிழைப்பதில் இருந்த வித்தியாசம் இதுதான். 1880-இல் அறிக்கை கொடுத்த பஞ்சக் கமிஷன், லாபம் வருமா என்று பார்க்காமல் பஞ்சப் பாதுகாப்புக்காகவே ரயில் பாதைகள் போட வேண்டும் என்று வலியுறுத்தியது. அந்த வழியில் கால் நூற்றாண்டு கழித்து வந்தவைதான் திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி, மொரப்பூர்–தருமபுரி என்ற இரண்டு கிளைகள். முதலாவது சுமார் 40 கிலோமீட்டர், இரண்டாவது சுமார் 30.

பஞ்சத்துக்கென்று போட்டதால் மலிவாகப் போட்டார்கள். மெயின் லைனில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள அகலம், அதாவது கேஜ், 1,676 மில்லிமீட்டர். கிளைகளுக்கு 762 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை அடி. வீட்டு அறைக் கதவு ஒன்றைப் படுக்கப் போட்டால் அதன் அகலத்துக்குள் அடங்கிவிடும். குறுகிய பாதைக்கு மண்வேலை குறைவு, பாலம் சிறிது, தண்டவாளம் லேசு, வளைவுகளை இன்னும் நெருக்கிப் போடலாம். குன்றுகளைக் குடையாமல் சுற்றிப் போகலாம். பாராமகாலின் கரடுகளுக்கு நடுவே பாதை போட இது வசதி. அதற்கு விலையும் உண்டு. எஞ்சின் சிறிது, வேகம் குறைவு, பெட்டியில் ஏற்றும் எடையும் குறைவு.

மொரப்பூரில் என்ன நடந்திருக்கும் என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தப் பாதைகள் நலிந்ததன் ரகசியம் அங்கேதான் இருக்கிறது. தருமபுரியில் ஒரு வியாபாரி புளி மூட்டைகளைக் குறுகிய பாதை வேகனில் ஏற்றுகிறார். முப்பது கிலோமீட்டர் போனதும் மொரப்பூர். மெயின் லைன் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் இந்த வேகன் அந்தத் தண்டவாளத்தில் ஏறாது. ஆகவே மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தலைச்சுமையில் இறக்கி, பெரிய வேகனில் திரும்ப ஏற்ற வேண்டும். அதற்குக் கூலி. பெரிய வேகன் வரும்வரை காத்திருக்க வேண்டும். இறக்கி ஏற்றும்போது மூட்டை கிழியும், சிந்தும், மழைக்காலமானால் நனையும். வெறும் முப்பது கிலோமீட்டருக்காக இவ்வளவும். கிருஷ்ணகிரிச் சரக்குக்குத் திருப்பத்தூரில் இதே பாடு. தூரம் அதிகமென்றால் இந்தச் செலவு கரைந்துபோகும். சின்னக் கிளையில் ரயிலின் லாபம் முழுவதையும் அதுவே தின்றுவிடும்.

ஓசூர் வரை நீட்டியபோதாவது நிலைமை மாறியிருக்கலாம். பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை என்று ஏறி, கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூரைத் தொட்டது பாதை. தருமபுரியிலிருந்து பார்த்தால் நானூறு மீட்டருக்கு மேல் ஏற்றம். ஆனால் ஓசூரோடு நின்றுவிட்டது. ஓசூரிலிருந்து பெங்களூர் நாற்பது கிலோமீட்டர்தான். அது மைசூர் சமஸ்தானம், இது மெட்ராஸ் மாகாணம். அந்த நாற்பதையும் போட்டிருந்தால் ஒரு முனையில் மெயின் லைன், மறுமுனையில் பெங்களூர் என்று உயிருள்ள பாதையாகியிருக்கும். போடாததால் முட்டுச்சந்தாகவே இருந்தது. கிருஷ்ணகிரிக் கிளையும் அப்படித்தான். போதாக்குறைக்கு 1911-இல் திருப்பத்தூர் வட ஆற்காடு மாவட்டத்துக்குப் போய்விட்டது. கிருஷ்ணகிரிக்காரர் வழக்குக்கும் சர்க்கார் ஆபீசுக்கும் போக வேண்டியது சேலம். ரயில் கொண்டுபோய் விட்டது வேறு மாவட்டத்தில்.

நிர்வாகமும் கை மாறியது. 1908-இல் மெட்ராஸ் ரயில்வே கலைக்கப்பட்டபோது ஜோலார்பேட்டைக்குத் தெற்கே உள்ள பாதை தென்னிந்திய ரயில்வேக்குப் போனது, இந்தக் கிளைகளும் கூடவே போயின. தஞ்சாவூர், திருச்சி, மதுரை என்று பெரிய வருமானப் பாதைகளை வைத்திருந்த கம்பெனிக்கு இவை கடைசிப் பிள்ளைகள்.

1920, 30-களில் மோட்டார் பஸ் வந்தது. பஸ்ஸுக்குக் கேஜ் பிரச்சினை இல்லை. தருமபுரியில் ஏறினால் சேலத்தில் இறங்கலாம், நடுவில் மொரப்பூரில் மாறி உட்கார வேண்டியதில்லை. லாரியும் அப்படியே: கடை வாசலில் ஏற்றி மண்டி வாசலில் இறக்கும். பஞ்சம் வந்தால் உதவும் என்று போட்ட பாதை, பஞ்சம் இல்லாத வருடங்களில் தன் சோற்றைத் தானே சம்பாதிக்க முடியாமல் தடுமாறியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த அரசுக்கு 1939-இல் போர் ஒரு சாக்கைக் கொடுத்தது. போர்முனைகளுக்குத் தண்டவாளமும் எஞ்சினும் வேகனும் தேவைப்பட்டன. இந்தியா முழுக்க வருமானம் குறைந்த கிளைப் பாதைகளைப் பெயர்த்து எடுத்தார்கள். 1941-இல் நம் இரண்டு பாதைகளும் போயின.

போரில் தண்டவாளத்தை இழந்தது நாம் மட்டும் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1928-இல் வந்த மதுரை–போடி பாதையையும் போருக்காகப் பெயர்த்தார்கள். ஆனால் சுதந்திரத்துக்குப் பிறகு, 1950-களில், போடிக்குத் தண்டவாளம் திரும்பி வந்துவிட்டது. இன்று அது அகலப்பாதை. 2023 முதல் போடியில் ஏறிச் சென்னையில் இறங்கலாம். போடிக்குத் திரும்பியது கிருஷ்ணகிரிக்கு ஏன் திரும்பவில்லை? என் கணிப்பில் காரணம் அந்த இரண்டரை அடிதான். போடி பாதை மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலம். மதுரையில் இருந்த மற்ற பாதைகளும் மீட்டர் கேஜ். பழைய தடத்தில் தண்டவாளத்தை வைத்தால் ரயில் நேராக ஓடும். ஏலக்காயும் மிளகும் இறங்கும் மலையடிவாரச் சந்தைக்கு அது தேவையாகவும் இருந்தது. கிருஷ்ணகிரியில் பழையதைத் திரும்பப் போட்டால் பழைய தலைச்சுமையும் கூடவே வரும். அகலமாகப் போட வேண்டுமானால் புதுப் பாதைக்கு ஆகும் செலவு. 1905-இல் மிச்சம் பிடித்த பணத்துக்கு ஐம்பது வருடம் கழித்து ஊர் வட்டி கட்டியது.

1960-களில் சேலம்–பெங்களூர் மீட்டர் கேஜ் பாதை போட்டார்கள். 1965 அக்டோபர் 2-இல் சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்த காலமும் இதுதான். ஓமலூர், தொப்பூர், சிவாடி, தருமபுரி, பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை, கெலமங்கலம், ஓசூர் என்று ஏறக்குறையப் பழைய குறுகிய பாதையின் திசையிலேயே போய், 1913-இல் நின்ற இடத்தைத் தாண்டிப் பெங்களூரைத் தொட்டார்கள். ரொம்ப நாள் விட்டுப்போன அந்த நாற்பது கிலோமீட்டர் அப்போதுதான் வந்தது. நோக்கம் பெங்களூரைத் தெற்கு மாவட்டங்களோடு சுருக்கு வழியில் சேர்ப்பது. தருமபுரிக்கும் ஓசூருக்கும் வழியில் இருந்த அதிர்ஷ்டம். சேலத்திலிருந்து பெங்களூருக்குக் கோடு போட்டால் கிருஷ்ணகிரி கிழக்கே ஒதுங்கி நிற்கும், ராயக்கோட்டைதான் வழியில் வரும். இரண்டாவது முறையும் கிருஷ்ணகிரி கோட்டுக்கு வெளியே நின்றது இப்படித்தான்.

1990-களில் இந்தப் பாதை அகலப்பாதை ஆனது. இன்று கோவை–பெங்களூர் வந்தே பாரத் தருமபுரியிலும் ஓசூரிலும் நின்று போகிறது. எர்ணாகுளம் இன்டர்சிட்டி, மைசூரு–தூத்துக்குடி, நாகர்கோவில் வண்டி எல்லாம் இதே வழி. ஆனாலும் பெரும்பகுதி ஒற்றைத் தடம். தொப்பூருக்கும் சிவாடிக்கும் நடுவே மலைச்சரிவு. 2021 நவம்பரில் பெருமழையில் பாறைகள் உருண்டு வந்து கண்ணூர்–யஸ்வந்த்பூர் எக்ஸ்பிரஸ் அங்கே தடம் புரண்டது. உயிர்ச்சேதம் இல்லாமல் தப்பித்தது பெரிய விஷயம். நிர்வாகத்தில் இந்தப் பாதை தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தைச் சேர்ந்தது, தலைமையகம் ஹூப்ளி. மொரப்பூரும் சாமல்பட்டியும் தெற்கு ரயில்வேயின் கீழ், தலைமையகம் சென்னை. ஒரே மாவட்டத்துக்குள் இருக்கும் தருமபுரியும் மொரப்பூரும் இரண்டு ரயில்வேக்களின் ஓரங்கள். ஓரத்தில் இருக்கும் ஊரின் மனு கடைசியாகத்தான் மேஜைக்கு வரும்.

இதன் விளைவைத் தருமபுரிப் பயணிகள் தினமும் அனுபவிக்கிறார்கள். தருமபுரி ஸ்டேஷனில் பெங்களூருக்கு வண்டி உண்டு, கோவைக்கு உண்டு, கேரளாவுக்கு உண்டு. சொந்த மாநிலத் தலைநகருக்குப் போக வேண்டுமென்றால் மொரப்பூருக்குப் பஸ் ஏற வேண்டும். ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸுக்கு மொரப்பூர் பிளாட்பாரத்தில் பார்த்தால் தெரியும்: ஆஸ்பத்திரி ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு பெரியவர், காலேஜ் சேரப் போகும் பெண்ணும் அவள் அப்பாவும், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்ட அம்மா. ரயில் லேட் ஆனாலும் இவர்கள் சீக்கிரமே வந்துவிட வேண்டும், ஏனென்றால் கடைசி பஸ் ரயிலுக்காகக் காத்திருக்காது. வசதி உள்ளவர்கள் காரில் வந்து இறங்குகிறார்கள். இல்லாதவர்கள் கொசுக்கடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு முன்னால் மூட்டையை இறக்கி ஏற்றிய அதே இடத்தில் இப்போது மனிதர்கள் மாறி ஏறுகிறார்கள்.

மொரப்பூர்–தருமபுரி இணைப்பை மீண்டும் கேட்டுப் பல தேர்தல்கள் நடந்துவிட்டன. 2016–17 ரயில்வே பட்ஜெட்டில் 36 கிலோமீட்டர் அகலப்பாதைக்கு ஒப்புதல் கிடைத்தது. 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். அதற்குப் பிறகு நிலம் கையகப்படுத்துவதில் வருடங்கள் ஓடின. பழைய தடத்திலேயே போடலாமே என்று பலர் கேட்கிறார்கள். குறுகிய பாதை வளைந்த வளைவுகளில் அகலப்பாதை ரயில் வேகமாகப் போக முடியாது. அதோடு எண்பது வருடம் சும்மா கிடந்த தடத்தை ஊர் விட்டுவைக்கவும் இல்லை. வீடும் ரோடும் வந்துவிட்டன. 1941-இல் தண்டவாளத்தை எடுத்தாலும் நிலத்தை வேலி போட்டுக் காத்திருந்தால், இன்றைக்கு இந்தத் தாமதத்தில் பாதி மிச்சமாகியிருக்கும்.

கிருஷ்ணகிரிக்கும் ஆய்வு நடக்கிறது. ஜோலார்பேட்டை, திருப்பத்தூர் பக்கமிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்குச் சுமார் நூறு கிலோமீட்டர் பாதை என்பது யோசனை. இதன் முதல் நாற்பது கிலோமீட்டர் கிட்டத்தட்ட 1905-இல் ஓடிய வழிதான். இந்த முறை முட்டுச்சந்து இல்லை, ஓசூர் வரை போய்ச் சேருகிறது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த அம்சம். குப்பம் வழியாகப் போகும் சென்னை–பெங்களூர் பாதையின் நெருக்கடிக்கு மாற்றுவழி கிடைக்கும். கிருஷ்ணகிரியின் மாங்கூழ் டிரம்கள் சென்னைத் துறைமுகத்துக்கு ரயிலிலேயே போகலாம். ஆனால் ஆய்வு என்ற சொல்லை இந்த ஊர் ரொம்ப வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

இந்த நேரத்தில் ஓசூரில் பேச்செல்லாம் பெங்களூரு மெட்ரோவை ஓசூர் வரை நீட்டும் திட்டத்தைப் பற்றி. 2025 ஆகஸ்டில் பெங்களூரில் ஆர்.வி. ரோடு–பொம்மசந்திரா மஞ்சள் தடம் திறந்தது. 16 ஸ்டேஷன்கள், எல்லாமே ரோட்டுக்கு மேலே தூண்களில் நிற்பவை. பொம்மசந்திராவிலிருந்து மாநில எல்லை எட்டும் தூரம்தான், ஓசூர் 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நெரிசலான ஓசூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஓர் உயர்மட்ட ஸ்டேஷன் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அத்திப்பள்ளி சிக்னலில் தினமும் நிற்பவர்களுக்குத் தெரியும். ஆனால் அங்கேயும் பழைய மொரப்பூர்ப் பிரச்சினை வேறு வேஷத்தில் வந்து நிற்கிறது. பெங்களூரு மெட்ரோ 750 வோல்ட் மின்சாரத்தைப் பக்கவாட்டில் உள்ள மூன்றாம் தண்டவாளத்திலிருந்து எடுக்கிறது. சென்னை மெட்ரோவில் மேல்கம்பி, 25,000 வோல்ட். தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு முறை, கர்நாடகப் பக்கம் இன்னொரு முறை என்றால் எல்லையில் வண்டி மாற வேண்டும்.

இதைக் காட்டித் திட்டமே சாத்தியமில்லை என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. புளி மூட்டை தானாக எழுந்து அடுத்த வேகனுக்கு நடந்து போகாது, மனிதர்கள் போவார்கள். ஒரே பிளாட்பாரத்தின் இரண்டு பக்கமும் இரண்டு வண்டிகள் நின்றால் மாறி ஏற ஒரு நிமிடம் போதும். இன்னும் நல்லது, பெங்களூரு முறையிலேயே ஓசூர் வரை போட்டுவிடுவது. ஓசூருக்கு எது வசதியோ அதைப் போட வேண்டும். எந்த மாநில மெட்ரோ என்ற பெயர்ப் பலகைக்காகப் பாதையை வெட்டிவிடக் கூடாது.

ஆனாலும் முன்னுரிமை என்று கேட்டால் மொரப்பூர்–தருமபுரிக்குத்தான் என் ஓட்டு. ஒப்புதல் இருக்கிறது, அடிக்கல் இருக்கிறது, வெறும் 36 கிலோமீட்டர். கருத்துக்கேட்புக் கூட்டங்களுக்குப் போகிறவர்கள், நில இழப்பீட்டோடு சேர்த்து இன்னொரு கேள்வியையும் விடாமல் கேட்க வேண்டும்: மொரப்பூரில் புதுப் பாதை மெயின் லைனோடு எந்தப் பக்கம் பார்த்துச் சேருகிறது? சேலம் பக்கம் பார்த்துச் சேர்ந்தால், தருமபுரியிலிருந்து சென்னை போகும் ஒவ்வொரு வண்டியும் மொரப்பூரில் நின்று, எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டித்தான் புறப்பட வேண்டும். அந்தத் தொல்லைக்கே சென்னை வண்டி விட யாரும் முன்வர மாட்டார்கள். சாமல்பட்டி பக்கம் பார்த்த வளைவாக அமைந்தால் தருமபுரியில் புறப்படும் ரயில் மொரப்பூரைக் கடந்து நேராகச் சென்னைக்குப் போகும். வரைபடம் இறுதியாகும் முன்பே இதை எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.